முறைக் குழம்பு

நெல்லித்தோப்பு மாதா கோயிலுக்குப் பின்தெருவில் ஒரு மாடி. அந்த மாடியில் எதிரெதிராக இரண்டு குடித்தனங்கள். ஒன்றில் சகாயசெல்வி, மற்றொன்றில் பூர்ணிமா. இரண்டு சமையலறைச் சன்னல்களும் ஒரே நடையைப் பார்த்துத் திறப்பவை. ஆகையால் எந்த வீட்டில் எது கொதிக்கிறது என்பதை எவரும் எவரையும் கேட்க வேண்டியதில்லை. சென்ற ஆண்டு மழைக்காலத்தில் ஒரு மாலை, இரண்டு சன்னல்களிலிருந்தும் ஒரே சமயத்தில் கத்தரிக்காய்க் காரக்குழம்பின் வாசனை வந்தது. பூர்ணிமா கரண்டியும் கையுமாக நடைக்கு வந்தாள்.

"யக்கா, இன்னா இது? ஒரே கொழம்ப ரெண்டு வூட்டுலயும் நின்னு கொதிக்க வச்சினு இருக்கோம்."

இருவரும் சிரித்தனர். சிரிப்பு அடங்குமுன் ஏற்பாடு முடிந்துவிட்டது. ஒரு நாள் சகாயசெல்வி வீட்டுக் குழம்பு இரண்டு வீட்டுக்கும்; மறுநாள் பூர்ணிமா வீட்டுக் குழம்பு இரண்டு வீட்டுக்கும். சோறும் பொரியலும் அவரவர் பாடு. பூர்ணிமாவின் கணவன் ராஜவேல் பாகூர்ப் பக்கத்தவன். ஏரித் தண்ணீரை முறை வைத்துப் பாய்ச்சுவதைப் பார்த்து வளர்ந்தவன். அவன்தான் இதற்கு முறைக் குழம்பு என்று பெயர் வைத்தான்.

குழம்பு போய்வர இரண்டு எவர்சில்வர்த் தூக்குகள் இருந்தன. இந்த வீட்டுத் தூக்கில் 'ரிச்சர்ட் – சகாயசெல்வி' என்று திருமணப் பரிசாக வந்தபோதே பெயர்கள் புள்ளி புள்ளியாக வெட்டப்பட்டிருக்கும். அந்த வீட்டுத் தூக்கில் 'செல்வாம்பாள்' என்றிருக்கும். செல்வாம்பாள் பூர்ணிமாவின் மாமியார்.

சகாயசெல்வி கதிர்காமத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்சு. ஒரு வாரம் காலைப்பணி, ஒரு வாரம் மாலைப்பணி, ஒரு வாரம் இரவுப்பணி என்று அவளுடைய நாள்கள் சுழன்றுகொண்டிருந்தன. கணவன் ரிச்சர்ட் சென்னைக்கு அருகே ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்துச் சனிக்கிழமை மாலை வந்து ஞாயிறு இரவு போகிறவன். மூத்தவள் மெரின் பத்தாம் வகுப்பு. இளையவள் ரூபி மூன்றாம் வகுப்பு. கூடவே ரிச்சர்டின் தகப்பனார் அருளானந்தம். அவருக்குச் சர்க்கரை, நேரத்துக்குச் சோறு வேண்டும். தட்டில் வைத்தது எதுவாயினும் முகம் சுளியாமல் உண்பார். ஆனால் தட்டில் யாராவது வைக்கவேண்டும். பூர்ணிமாவோ காலாப்பட்டில் பல்கலைக்கழக அலுவலகத்தில் வேலை செய்பவள். பொழுது விடிந்ததும் பஸ்சைப் பிடிக்க ஓடுவாள். இருட்டும் வேளையில் திரும்புவாள். மாமியாரையும் இரண்டு பிள்ளைகளையும் சேர்த்து அவள் வீட்டிலும் ஐந்து பேர்.

முறைக் குழம்பு வந்தபின் சகாயசெல்விக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் ஒரு தூக்கம் கூடுதலாகக் கிடைத்தது. வேலைக்குப் போகும் பெண்களுக்குத் தூக்கம் என்பது என்ன பண்டம் என்று, அதை விலை கொடுத்து வாங்கியறியாதவர்களுக்குச் சொல்லி விளங்க வைக்க இயலாது.

இரண்டு வீட்டுச் சாமிகளும் வெள்ளிக்கிழமையில் மட்டும் ஒத்துப்போயின. அன்று இரு வீட்டிலும் கவிச்சி கிடையாது. மற்ற நாள்களுக்காகச் சகாயசெல்வி அரிசிக்கடையில் ஒரு நாள்காட்டியைக் கேட்டு வாங்கி, திருஇருதய ஆண்டவர் படத்துக்குக் கீழே மாட்டினாள். அமாவாசையும் கிருத்திகையும் வரும் தாள்களின் ஓரத்தை முன்கூட்டியே மடித்து வைத்தாள். அந்த நாள்களில் தன் முறை வந்தால் பருப்புதான். தவக்காலம் தொடங்கியபின் அவள் வீட்டில் ஆட்டுக்கறியும் கோழியும் நின்றுபோயின. மீன் மட்டும் உண்டு. அதற்காக வாரத்தில் இருமுறை பெரிய மார்க்கெட்டுக்குள் நுழைந்து, மீன்காரிகளின் வசவுகளுக்கு நடுவே கூடையை நீட்டி வாங்கி வருவாள்.

அந்தத் தவக்காலத்திலேதான் ஆஸ்பத்திரியில் அவளை அழைத்துப் பேசினார்கள். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு இரத்தம் சுத்தம் செய்யும் பிரிவில் பயிற்சி, ஆறு மாதம். வழக்கமான பணிக்கு மேல் தினமும் சில மணி நேரம் கூடுதலாக நிற்க வேண்டும். முடித்துவிட்டால் அந்தப் பிரிவிலேயே பகல் வேலை. இரவுப்பணி இனி இல்லை. "யோசிச்சுத் திங்கக்கெழம சொல்லுங்க," என்று நர்சிங் மேற்பார்வையாளர் நாள் ஒன்று குறித்துக் கொடுத்தார். அது இன்னும் சில வாரங்கள் தள்ளி இருந்தது. சகாயசெல்விக்கு யோசிக்க ஒன்றுமில்லை. முறைக் குழம்பு இருக்கிறவரை அவளால் முடியும். அது இல்லாவிடில் முடியாது. கணக்கு அவ்வளவே.

செல்வாம்பாளின் கணவர் தணிகாசலம் இறந்து ஈராண்டு ஆகியிருந்தது. மூச்சுத் திணறலோடு சகாயசெல்வி பணியிலிருந்த வார்டுக்குத்தான் அவரைக் கொண்டுவந்தார்கள். அவர் கண்களை மூடியது அவளுடைய கை. மார்ச் இருபதாம் தேதி. தன் மாமியாரின் நினைவுநாளை மறந்தாலும் அதை அவள் மறக்கமாட்டாள். ஆகவே மார்ச் பிறந்ததும் ஒருநாள் மாடிப்படியில் பூர்ணிமாவைக் கண்டு, மாமா நாள் வருவது தனக்கு ஞாபகம் இருக்கிறதென்றும், அன்று தன் முறையே ஆனாலும் கவிச்சி வைக்கமாட்டேனென்றும் சொன்னாள்.

"உனக்கெல்லாம் சொல்லணுமாக்கா?" என்று கேட்டுவிட்டுப் பூர்ணிமா பஸ்சுக்கு ஓடினாள்.

இருவரும் ஒரே நாளைப் பற்றிப் பேசியதாகவே இருவரும் நினைத்தனர். வம்பு அங்கேதான் முளைத்தது.

ஒரு புதன்கிழமை, சகாயசெல்வியின் முறை. முதல்நாள் மாலையே வாங்கிக் கழுவி மஞ்சள் தடவி வைத்திருந்த சங்கரா மீன். விடியுமுன் எழுந்து புளி கரைத்து, நல்லெண்ணெயில் வெங்காய வடகத்தைக் கிள்ளிப் போட்டுத் தாளித்து, குழம்பின் மேல் எண்ணெய் பிரிந்து நிற்கும் வரை அடுப்பருகே கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். தூக்கில் ஊற்றி மெரினிடம் கொடுத்துவிட்டுப் பணிக்குக் கிளம்பினாள். மெரினுக்கு அன்று தேர்வு. எதிர்வீட்டுக் கதவு திறந்திருந்தது. அடுக்களையில் ஒருவரும் இல்லை. மேடைமேல் இருந்த பாத்திரங்களுக்கு நடுவே தூக்கை வைத்துவிட்டுப் பள்ளிக்கு ஓடிவிட்டாள்.

மாலையில் சகாயசெல்வி திரும்பியபோது தெருமுனையில் ஆயம்மா நின்றுகொண்டிருந்தாள். ஆயம்மா அந்தத் தெருவைப் பெருக்குகிறவள்.

"மீன் நல்லா இருந்திச்சிம்மா. புளிப்பு மட்டும் கொஞ்சம் தூக்கல்."

"உனக்கு யாரு குடுத்தா?"

"எதிர்வூட்டுப் பெரியம்மாதான். தூக்கோட எடுத்தாந்து எம்மூஞ்சிகூடப் பாக்காம ஊத்திட்டுப் பூட்டாங்க. அவங்க வூட்டுல இன்னிக்குத் திதியாமே? படையலுக்குச் செஞ்ச சட்டிங்களுக்கு நடுவுல உன் தூக்கு இருந்திச்சாம்."

மாடிக்கு ஏறினாள். தன் வீட்டு வாசலில் அந்தத் தூக்கு, புளி போட்டுத் துலக்கிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. அந்தப் பக்கத்தில் எவரும் கொடுத்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தருவதில்லை. ஒன்றும் அகப்படாவிட்டால் ஒரு பிடி அரிசியாவது, இரண்டு பச்சை மிளகாயாவது உள்ளே கிடக்கும். சகாயசெல்வி தூக்கை நிமிர்த்திப் பார்த்தாள். உள்ளே ஒன்றும் இல்லை.

அப்போதே போய் மன்னிப்புக் கேட்டாள். செல்வாம்பாள் சுவரைப் பார்த்தபடி, "சரி, போம்மா," என்றார். நடையிலே நின்று அழுதவள் பூர்ணிமாதான். நீதான் தெரியும் என்றாயே அக்கா என்று அவள் கேட்க, இருபதாம் தேதியைத்தானே நான் சொன்னேன் என்று இவள் சொல்ல, பூர்ணிமா தலையில் கையை வைத்துக்கொண்டாள். திதி பிறையைப் பார்த்து வருவது. ஓராண்டு முன்னே வரும், ஓராண்டு பின்னே போகும். சென்ற ஆண்டு அதை ஊரிலேயே செய்துவிட்டதால் இங்கே எவருக்கும் தெரியவில்லை. கிறிஸ்தவர் வீட்டிலோ இறந்தவர் இறந்த தேதியில்தான் இருப்பார். சகாயசெல்வி மடித்துவைத்த தாள்களில் தணிகாசலத்தின் திதிக்குத் தாள் இல்லை.

அன்று எல்லாவற்றையும் கொட்டி, அடுக்களையைக் கழுவி, தலை முழுகி, மறுபடி சமைத்து முடிக்கும்போது உச்சி சாய்ந்துவிட்டதாம். காக்கைக்கு வைத்த சோறு மாடிச் சுவரில் காய்ந்ததாம். ஒரு காக்கையும் வரவில்லையாம்.

"அத்த இன்னும் பேசல. ரெண்டு நாளு போவட்டும்க்கா," என்றாள் பூர்ணிமா.

இரண்டு நாள் போயிற்று. அதற்கு மேலும் போயிற்று. தூக்கு வரவில்லை.

பங்குனி வெயில் காலையிலேயே தளத்தில் இறங்கத் தொடங்கிய நாள்கள் அவை. சகாயசெல்வி தனக்குத் தெரிந்த சிக்கனங்களையெல்லாம் செய்துபார்த்தாள். ஒரே தடவையில் நிறையத் தக்காளித்தொக்கு வதக்கி வைத்தாள். அதிகப் பருப்பு வேகவைத்து, முதல்நாள் சாம்பாராகவும் மறுநாள் ரசமாகவும் அதற்கடுத்த நாள் பருப்புத் துவையலாகவும் பெயர் மாற்றினாள். முட்டை, மறுபடி முட்டை. பஸ்சில் நின்றபடியே நாளைக்கு என்ன என்று எண்ணுவாள். எண்ணம் முடிவதற்குள் கண் செருகிவிடும். ஒருநாள் அப்படியே இறங்கவேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டாள். கண்டக்டர் தோளைத் தட்டி, "யம்மா, வூட்டுக்கா போற, இல்ல பஸ்ஸோட டிப்போவுக்கா?" என்று கேட்டான். பஸ்சிலிருந்தவர்கள் சிரித்தார்கள். அவளுக்கு அழுகையும் வரவில்லை, கோபமும் வரவில்லை. இறங்கி, வந்த வழியே நடந்தாள்.

மெரின் தேர்வுக்கு ரொட்டியைத் தின்றுவிட்டுப் போனாள். ரூபி தட்டைக் கிளறியபடியே, "எதிர்வூட்டுக் கொழம்பு எப்பம்மா வரும்?" என்றாள். அருளானந்தம் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் சோற்றில் மோரை ஊற்றிக்கொண்டு சத்தமில்லாமல் உண்டு எழுந்தது, கேட்டதைவிட அதிகமாக அவளை உறுத்தியது.

ரிச்சர்டிடம் தொலைபேசியில் பயிற்சியைப் பற்றிச் சொன்னாள். இப்போது முடியாது போலிருக்கிறதே என்றாள்.

"உன் இஷ்டம் செல்வி," என்றான் அவன். நல்ல எண்ணத்தோடுதான் சொன்னான். ஆனால் அந்தச் சொல்லைக் கொண்டு ஓர் உருளைக்கிழங்கைக்கூட உரிக்க முடியாது.

திங்கட்கிழமை முடியாதென்று சொல்லிவிடுவது என அவள் தீர்மானித்தாள். தீர்மானித்த அன்று மட்டும் கொஞ்சம் நன்றாகத் தூங்கினாள்.

சனிக்கிழமை விடிந்தது. அவளுக்கு விடுமுறை. அடுக்களைத் தரையில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். கோயில் ஒலிபெருக்கியில் காலைப் பூசைக்கு முன், அன்றைய பூசை யார் யாருக்காக என்ற கருத்துகள் வாசிக்கப்பட்டன. இன்னாருடைய உடல்நலத்துக்காக, இன்னாருடைய தேர்வுக்காக. பிறகு, "பின்தெரு தணிகாசலம் அவர்களின் ஆன்ம இளைப்பாற்றிக்காக" என்று கேட்டது.

சகாயசெல்வியின் கை நின்றுவிட்டது. மார்ச் இருபது. தவக்காலத் தொடக்கத்திலேயே அவள்தான் பெயர் கொடுத்திருந்தாள். நடந்த கலவரத்தில் அதை நிறுத்தச் சொல்லவேண்டும் என்ற நினைவே அவளுக்கு எழவில்லை. செல்வாம்பாள் அந்த வேளையில் கோயில்தெருப் பால்பூத்தில்தான் நிற்பார்.

சற்று நேரத்தில் படியில் காலடி கேட்டது. ஒரு படி, ஒரு நிற்றல், ஒரு படி. செல்வாம்பாள் வாசலில் வந்து நின்றார். கையில் பால் பாக்கெட்டு.

"மைக்குல சொன்னது எங்கூட்டு ஆளத்தான?"

"ஆமாம் பெரியம்மா."

"யாரக் கேட்டுச் சொன்ன?"

"யாரையும் கேக்கல. அவரு போன தேதி இன்னிக்கி. எங்கள்ல தேதி வந்தா பூச வைப்போம். இது முன்னாடியே குடுத்தது."

"பூக்காரி கேக்கறா, 'ஏன் பெரியம்மா, உங்கூட்டுக்காரரு எப்ப கோயில்ல சேந்தாரு'ன்னு. உசுரோட இருக்கறப்ப எந்தக் கோயிலு வாசலயும் மிதிக்காத மனுசன். சொல்லி முடிக்கறதுக்குள்ள பால் கியூவே சிரிக்குது."

சகாயசெல்வி எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டாள். செல்வாம்பாள் அதைப் பாராமல், சுவரைப் பிடித்து மெல்லத் தரையில் அமர்ந்து, ஒரு காலை நீட்டி முழங்காலைப் பிடித்துவிட்டுக்கொண்டார்.

"செத்ததுக்கு ஏதும்மா தேதி? நெலாதான் கணக்கு."

"தெரியாமப் போச்சி. அமாவாச, கிருத்திக எல்லாம் காலண்டர்ல பாத்துப் பாத்துதான் வைக்கிறேன். மாமாவுது அதுல போடல."

"எப்புடிப் போடுவான்? அவரு இன்னா பெரிய மகானா?"

இருவர் உதட்டிலும் சிரிப்புப் போன்ற ஒன்று வந்து, நிற்க இடமின்றிப் போயிற்று. செல்வாம்பாள் வெங்காய முறத்தைத் தம் பக்கம் இழுத்தார். ஒரு வெங்காயத்தை எடுத்து உரிக்கத் தொடங்கினார். கை தன்பாட்டில் வேலை செய்தது.

"மீனுக்குக் கோவம்னு நெனச்சியா நீ?"

"அதானே பெரியம்மா?"

"மீனு வந்தா ஏனத்தத் தூக்கி வெளிய வச்சிட்டு, மஞ்சத்தண்ணி தெளிச்சா ஆச்சி; படையல மட்டும் திரும்ப ஆக்கியாவணும். ஒருதரம் ஆக்கவே எனக்குத் தெம்பு இல்ல. அன்னிக்கி ரெண்டு தரம் ஆக்குனேன். காக்காகூட வரல."

"பூர்ணிமா அன்னிக்கி லீவுதான?"

"அவ தண்ணி தூக்குவா, கழுவுவா. ஆக்கறது யாரு? காலாப்பட்டு பஸ்சுக்கு ஓடறவ எந்நேரத்துல கொழம்பு வைப்பா? இத்தினி நாளா நீ துன்னது யாரு கொழம்புன்னு நெனச்ச?"

சகாயசெல்வி நிமிர்ந்தாள். அலமாரியில் கவிழ்ந்திருந்த தன் தூக்கைப் பார்த்தாள். ஒருநாள் விட்டு ஒருநாள் வந்த அந்த மற்றத் தூக்கையும் நினைத்தாள். அதன் விளிம்பில் புள்ளி புள்ளியாக இருந்த பெயரை எத்தனையோ தடவை கழுவித் துடைத்திருக்கிறாள்.

"நீங்கதான்னு யாரும் சொல்லல," என்றாள் மெதுவாக.

"நீ கேட்டியா?"

சகாயசெல்வி இன்னொரு வெங்காயத்தை எடுத்தாள்.

"நீ வேலைக்குப் போறவ. அவ வேலைக்குப் போறவ. நான் வூட்டுல சும்மா குந்தினு இருக்கறவ. ஒங்கூட்டுல அஞ்சு வாயி, எங்கூட்டுல அஞ்சு வாயி. உன் மொற வர்ற நாளுதான் நான் காலு நீட்டற நாளு. அது இந்தப் பத்து நாளா எனக்கும் இல்ல, தெரியுமா? கோவத்துல ஏனத்தக் கவுத்துட்டேன். அப்பறம் அங்க எனக்கும் தெனைக்கும் அடுப்பு."

வெயில் சன்னலுக்குள் வந்து முறத்தின்மேல் விழுந்தது. இருவரும் வெங்காயம் உரித்தார்கள். கண்ணில் நீர் வந்தது. அது வெங்காயத்தால் என்று வைத்துக்கொள்ளுவதில் இருவருக்கும் சௌகரியம் இருந்தது.

சிறிது நேரம் கழித்துச் சகாயசெல்வி பயிற்சியைப் பற்றிச் சொன்னாள். திங்கட்கிழமை முடியாதென்று சொல்லப்போவதையும் சொன்னாள். இனி உங்களைச் சமைக்கச் சொல்லி நான் எந்த முகத்தோடு கேட்பேன் என்றும் சொன்னாள்.

"அத்தப் படிச்சா இன்னா கெடைக்கும்?"

"நைட் டியூட்டி இல்ல."

"எப்பவுமா?"

"எப்பவுமே."

"எம்மாம் நாளு படிக்கணும்?"

"ஆறு மாசம்."

செல்வாம்பாள் கணக்குப் போட்டார். "மழைக்கு முன்னாடி முடிஞ்சிடும்."

"பெரியம்மா, நீங்க—"

"இரு. எனக்கு மூணு நாளு, நாலு நாளு ஆவாது. ரெண்டு நாளு வைக்கிறேன். நீ ரெண்டு நாளு. ராஜவேலுக்கு ஒரு நாளு. கையி இருக்குதில்ல அவனுக்கு? பூர்ணிமா பக்கத்துல நின்னு அரைச்சிக் குடுக்கட்டும். ஞாயித்துக்கெழம உம்புருசன். வந்தா போனத்தானே நோண்டினு கெடக்கறான்?"

"அவருக்கு ரசங்கூட வைக்கத் தெரியாது பெரியம்மா."

"பத்து வாயி பசிச்சினு எதுத்தாப்புல குந்தினா வரும். மிச்சம் ஒரு நாளு ரெண்டு வூட்டுலயும் அடுப்பு பத்தவைக்கக் கூடாது. ரொட்டி, பழம், கடை இட்லி, எது கெடைக்குதோ. ஒங்க சாமியே ஏழாவது நாளு வேலைக்குப் போவலியாமே?"

எழுந்து நிற்கக் கை நீட்டினார். சகாயசெல்வி பிடித்துத் தூக்கினாள். நர்சின் கை, எங்கே தாங்கவேண்டும் என்று அதற்குத் தெரியும். வாசலில் நின்று செல்வாம்பாள் திரும்பினார்.

"அடுத்த வருசம் திதிய நானே வந்து சொல்றேன். நீ இருபதாந்தேதி பூசைய நிறுத்தாத. ஒருநாளு எனக்கு, ஒருநாளு ஒனக்கு. அந்த மனுசனுக்கும் மொற ஆயிப்போச்சி."

மறுநாள் ஞாயிறு. ரிச்சர்ட் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு அடுப்பின் முன் நின்றான். முதலில் சிரித்தான், பிறகு வாதாடினான், பிறகு தக்காளி எங்கே, கடுகு எந்த டப்பா என்று கேட்கத் தொடங்கினான். சகாயசெல்வி கூடத்தில் அமர்ந்து, எழுந்திருக்காமல் பதில் சொன்னாள். எழுந்திருக்காமல் இருப்பதுதான் அன்று அவளுக்குக் கடினமாக இருந்த வேலை. அவன் வைத்தது தக்காளிக் குழம்பு. உப்பை இரண்டு தடவை போட்டுவிட்டான். ரூபி தண்ணீர் குடித்துக் குடித்து உண்டாள். அருளானந்தம் மகனை நிமிர்ந்து பார்த்துவிட்டு, மோரை எட்டி எடுத்துக்கொண்டார். தூக்கு எதிர்வீட்டுக்குப் போயிற்று. எதிர்வீட்டில் முதலில் அமைதியும், பிறகு ராஜவேலின் சிரிப்பும், அடுத்த முறை உன்னுடையது என்று அவனை அதட்டும் பூர்ணிமாவின் குரலும் கேட்டன.

மாலையில் ரூபி தூக்கை வாங்கிவந்து அம்மா கையில் கொடுத்தாள். அசைத்தபோது உள்ளே ஏதோ உருண்டது. மூடியைத் திறந்தாள். கழுவிய தூக்கின் அடியில் ஓர் உருளைக்கிழங்கு கிடந்தது.

"எதுக்கும்மா இது?" என்றாள் ரூபி.

உப்புக் கூடிய குழம்பில் உருளைக்கிழங்கை வெட்டிப் போட்டால் உப்பை இழுத்துக்கொள்ளும் என்று குழந்தைக்குச் சொல்ல வந்தவள், சொல்ல முடியாமல் சிரித்தாள். அந்தப் பத்து நாளில் அவள் சிரித்த முதல் சிரிப்பு, ஆகையால் நீண்டுவிட்டது. அடுக்களையிலிருந்து ரிச்சர்ட் எட்டிப் பார்த்து, "என்ன?" என்று கேட்டான். அவள் கிழங்கை அவன் கையில் வைத்தாள்.

திங்கட்கிழமை, பணி முடிந்தபின், மேற்பார்வையாளரின் அறைக்குப் போனாள். வழியெல்லாம் சொல்லிப் பார்த்து வைத்திருந்த பழைய வாக்கியம் எங்கோ பஸ்சிலேயே தங்கிவிட்டது. அவர் தலை நிமிர்த்தாமல், "என்ன முடிவு பண்ணீங்க?" என்று கேட்டார்.

"பயிற்சிக்கு வரேன் மேடம்."

அவர் நிமிர்ந்து வாழ்த்துச் சொன்னார். கடினமான படிப்பு என்றும், வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறார்களா என்றும் கேட்டார். சகாயசெல்வி, இருக்கிறார்கள் என்றாள். நன்றி சொல்லவேண்டிய இடம் அது. ஆனால் அவளுடைய கண், மேசைக்கு இந்தப்புறம் காலியாக இருந்த நாற்காலியின்மேல் போய் நின்றது.

"கொஞ்சம் உக்காந்துக்கட்டுமா மேடம்?" என்றாள்.